கொம்பு முளைத்த பசு

என் வயதை ஒத்தவர்களே, அண்மையில் என் மகள் தன் வீட்டில் ஒரு படம் பார்த்து முடித்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன். "பரவாயில்லம்மா" என்றாள். இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஒரே சொல். அதைக் கேட்டபோது, ஒரே படத்தைப் பற்றி எட்டு நாள் பேசி, அந்தப் பேச்சாலேயே ஒரு கல்யாணத்தை முடித்துவைத்த எங்கள் தோட்டம் நினைவுக்கு வந்தது. உங்களில் சிலர் அந்தக் கல்யாணத்தில் சாப்பிட்டவர்கள். ஆயினும் அது எவ்விதம் கைகூடியது என்பதை முழுமையாக அறிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறோம். ஆகவே எழுதிவைக்கிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. எனக்குப் பன்னிரண்டு வயது. இலங்கை மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே, பஸ் திரும்பிப் போகும் இடத்திலிருந்து இன்னும் ஒரு மைல் ஏறினால் எங்கள் தோட்டம். மேட்டு லயம், பணிய லயம் என்று இரண்டு வரிசை வீடுகள். வரிசையில் ஒரு வீட்டைக் காம்பரா என்போம். இரண்டிலும் மின்சாரம் இல்லை. தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கும், துரை பங்களாவுக்கும், ஆபீஸ் கிளாக்கரையா வீட்டுக்கும் மட்டுமே கம்பி போயிருந்தது. ஆகவே தொலைக்காட்சிப் பெட்டியும் படக் கசெட் போடும் டெக்கும் வாடகைக்கு வந்தால், அவை கிளாக்கரையா வீட்டு முன்னறையில்தான் இறங்கும்.

அந்த அறையில் தோட்டம் முழுவதும் கொள்ளாது. அதற்காகப் பெரியவர்கள் ஒரு முறை வகுத்திருந்தார்கள். காம்பராவுக்கு ஒருவர் மட்டும் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்தவர் வீடு திரும்பிப் பார்க்காதவர்களுக்கு முழுக் கதையையும் சொல்ல வேண்டும். பாட்டு எத்தனை, சண்டை எத்தனை, கதாநாயகி எத்தனை சேலை மாற்றினாள் என்பது உட்பட ஒன்றையும் விடக் கூடாது. எங்கள் காம்பராவிலிருந்து போகிறவள் நான். அப்பாவை அனுப்பினால் முதற்பாட்டிலேயே உறங்கிவிடுவார். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமையில்தான் விறகு பொறுக்க முடியும். நான் சொல்லும் கதை நன்றாக இருக்கிறது என்று பெயர் பரவியதால், பக்கத்துக் காம்பராப் பெண்களும் தத்தம் வீட்டு ஆண்கள் சொன்னதை நம்பாமல் பீலிக்கரைக்கு வந்து என்னிடம் கேட்பார்கள். மலையிலிருந்து மூங்கிலிலும் தகரத்திலும் இறக்கிவிட்ட தண்ணீர் விழும் இடத்துக்குத்தான் பீலிக்கரை என்று பெயர். குடம் நிறையும் நேரத்துக்குள் ஒரு காட்சியைச் சொல்லி முடிக்க நான் பழகியிருந்தேன்.

இனி என் சின்னம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தங்கை. அவளுக்கு இருபத்துநான்கு வயது. மூன்று வருடங்களுக்கு முன் பெருமழையில் மண் சரிந்தபோது அவள் புருஷன் அதற்குள் போய்விட்டார். பிள்ளை இல்லை. அதன் பிறகு எங்கள் காம்பராவிலேயே இருந்தாள். ஸ்டோரில் ரோலர் இயந்திரத்தில் வேலை செய்த ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ள விரும்பினார். அவரை நாங்கள் ஸ்டோர்காரர் என்போம். அரைபட்ட பச்சைக் கொழுந்தின் மணம் அவர் சட்டையில் எந்நேரமும் இருக்கும். சின்னம்மாவுக்கும் விருப்பந்தான். ஆயினும், பணிய லயத்தில் இருந்த அவளுடைய மாமியார் அதற்குச் சம்மதிக்கவில்லை. "என் மகன் பேரச் சொல்லி இந்தத் தோட்டத்துல இருக்கிறது அவ ஒருத்திதான். அவளும் மாறிப்போனா அவன் பொறக்காதவன் மாதிரி ஆயிடுவான்" என்று அந்த அம்மா சொல்லியிருந்தாள். அன்று அதைக் கல்நெஞ்சு என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக இன்று வெட்கப்படுகிறேன்.

மாரியம்மன் கோயிலில் மாலை மாற்ற வேண்டுமானால் தோட்டத் தலைவர் சம்மதம் வேண்டும். தொழிற்சங்கத்துக்கும் கோயில் கமிட்டிக்கும் அவரே தலைவர். அவரோ இரண்டு லயமும் ஒரே மனதாகச் சொன்னாலன்றிக் கல்யாணத் தட்டு எடுத்து நடத்திவைக்க மாட்டேன் என்றார். இரண்டு லயத்திலும் பாதிப்பேர் மாமியார் பக்கம் இருந்தார்கள். அடுத்த ஞாயிறு கூட்டம் என்று முடிவாயிற்று. அதற்கு முந்திய ஞாயிற்றில்தான் டெக் வந்தது.

ஹட்டனிலிருந்து டெக்குக்காரர் பஸ்ஸில் வந்தார். தொலைக்காட்சிப் பெட்டியைக் கம்பளியில் சுற்றி ஒருவர் தலையில் ஏற்றி, டெக்கைச் சாக்கில் போட்டுத் தாமே மார்போடு அணைத்துக்கொண்டு, அந்த ஒரு மைலையும் மழையில் ஏறினார். எல்லாவற்றையும் பூட்டிக் காட்டியதும் திரும்பும் பஸ்ஸைப் பிடிக்க அவசரப்பட்டார். கசெட் இரண்டு. முதலாவதில் ஒரு சிவப்புப் புள்ளி, இரண்டாவதில் இரண்டு புள்ளி வைத்திருப்பதாகக் கிளாக்கரையாவிடம் சொல்லிவிட்டுப் போனார். மழை நனைத்ததில் இரண்டு கசெட்டிலும் புள்ளி கரைந்து ஒரே சிவப்புத் திட்டாய் நின்றதை அவர் பார்க்கவில்லை. கிளாக்கரையா பார்த்தார். ஆனால் கூப்பிட்டுக் கேட்கவில்லை. தோட்டத்துக் கணக்கெல்லாம் எழுதுகிறவர் ஒரு கசெட்டைப் பற்றிக் கேட்பதா?

சன்னல்களைக் கம்பளியால் மூடினார்கள். பகல் வெளிச்சம் அதன் நூலிடை வழியே சிறு பொட்டுகளாகத் தரையில் விழுந்தது. நனைந்த கம்பளி மணம், பீடி மணம், கிளாக்கரையா வீட்டம்மா பெட்டிக்குப் போட்டிருந்த பின்னல் துணியின் பூச்சியுருண்டை மணம். இவை எல்லாம் சேர்ந்ததே எனக்குப் படத்தின் மணம். இன்றும் பூச்சியுருண்டையை முகர்ந்தால் ஒரு பாட்டு தொடங்கப் போகிறது என்று தோன்றும்.

படத்தைச் சொல்கிறேன். அது பிரதிக்குப் பிரதி எடுத்த கசெட். பெயர் ஓடும் பகுதியும் இல்லை, வணக்கம் போடும் பகுதியும் இல்லை. எடுத்த எடுப்பிலேயே ஆற்றில் வெள்ளம். ஓடக்காரன் ஒருவன் ஊராரைக் கரையேற்றிவிட்டுத் தான் முழுகிப்போகிறான். அவன் மனைவி வெள்ளைச் சேலை உடுத்துகிறாள். கையில் ஒரு பிள்ளை, நரைத்த மீசையோடு தகப்பன், இடது கொம்பு முறிந்து மஞ்சள் துணி கட்டிய பசு ஒன்று. அவள் படாத பாடு இல்லை. கடைசியில் ஆற்றங்கரையில் நின்று அழுகிறாள். திரையில் புள்ளி புள்ளியாக மழை பெய்தது. கசெட் முடிந்தது.

"இடைவேளை" என்று கிளாக்கரையா அறிவித்தார். எனாமல் கோப்பைகளில் பாலில்லாத சாயத் தண்ணி வந்தது. ஆண்கள் வாசலில் மூக்கைச் சிந்தினார்கள்.

அடுத்த கசெட்டில் அதே பெண் சிவப்புத் தாவணியில் குதித்துக்கொண்டு வந்தாள். அதே ஓடக்காரன் துடுப்பு வலித்துப் பாடிக்கொண்டு வந்தான். அறையே அதிர்ந்தது.

"செத்தவன் எப்புடிங்கய்யா வர்றான்?" என்று கங்காணி கேட்டார்.

கிளாக்கரையா சற்று யோசித்தார். பிறகு முழு நிச்சயத்தோடு, "ரெட்டை வேசம். இவன் வேற ஆளு" என்றார்.

"பேரும் அதேதானே கூப்புடுறாங்க."

"ஏன், காலையில வேலைக்கு நம்ம பெரட்டுல பேர் கூப்பிடும்போது ஒரே பேருக்கு அஞ்சு பேரு கை தூக்கலையா?"

கங்காணி விடவில்லை.

"சரிங்க, அந்தப் புள்ள எங்க போச்சு?"

"போர்டிங்ல விட்டிருப்பாங்க."

"அப்பன் மீசை கறுத்துப் போயிருச்சே?"

"கலியாணம் வருதுய்யா. மை பூசாம இருப்பாங்களா?"

இவ்வாறு ஒவ்வோர் ஓட்டையையும் அவர் அடைத்துக்கொண்டே வந்தார். படத்தின் கடைசியில் ஊர் கூடி அந்தப் பெண்ணுக்கும் ஓடக்காரனுக்கும் மாலை மாற்றியது. ஆற்றில் விளக்கு மிதந்தது. மீண்டும் புள்ளி மழை. அறையிலிருந்த அனைவரும் தம்மை அறியாமல் கை தட்டினோம். தாலியறுத்தவளுக்கு இரண்டாவது கல்யாணம் செய்து, அதையும் ஊர் நடுவே வைத்து முடித்த படத்தை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை.

அன்று மாலையே பீலிக்கரையில் என் கதை தொடங்கியது. அம்மா குடத்தை வைத்துவிட்டுக் கேட்டாள். சின்னம்மா துணி அலசுகிற பாவனையில் கேட்டாள். நான் கல்யாணக் காட்சிக்கு வந்தபோது அவள் கையிலிருந்த துணி நீரோடு போனது. ஓடிப்போய் எடுத்தாள். அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்.

"புள்ள எங்கடி?"

"போர்டிங்லம்மா."

அம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு குடத்தைத் தூக்கினாள்.

திங்கட்கிழமை மலையில் கொழுந்து பறிக்கும் நிரை முழுவதும் இதே பேச்சு. பள்ளி விடுமுறை ஆதலால் நான் தேத்தண்ணி கொண்டுபோகிற சாக்கில் நிரைக்கு நிரை ஏறிக் கதை சொன்னேன். முதலில் எல்லாரும் திட்டினார்கள். "ஒரு புருஷன் ஆத்தோட போனான், இன்னொருத்தன ஓடத்துலயே புடிச்சுக்கிட்டாளா?" என்று ஒருத்தி சிரித்தாள். "ஒன் புருஷன் ஓடத்துல போனா நீ கரையில நின்னு கை காட்டுவியாக்கும்" என்று இன்னொருத்தி மடக்கினாள். விரல்கள் நிற்கவில்லை. கூடைகள் நிறைந்தன. அபிப்பிராயங்களும் நிறைந்தன.

பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா படத்தை நேரில் பார்த்தவள். கண்ணாடி தடித்தது. பேச்சு குறைவு. பால் கொடுக்க வந்த தாய்மாரிடம் அவள் சொன்ன அபிப்பிராயம்தான் தோட்டத்தையே திருப்பியது. "கிளாக்கரையா ரெட்டை வேசம்ங்கிறாரு. எனக்கு அப்புடித் தோணல. ரெண்டாவது ஆளு வேற மொகமாத்தான் இருப்பான். அவ கண்ணுக்கு மட்டும் பழையவன் மொகம் தெரியுது. செத்தவன மறந்துட்டா கட்டிக்கிறா? மறக்காமத்தான் கட்டிக்கிறா. படம் எடுத்தவனுக்கு அது தெரிஞ்சிருக்கு."

புதன்கிழமைக்குள் அந்தக் கருத்து மேட்டு லயத்திலிருந்து பணிய லயத்துக்கு இறங்கிவிட்டது. ஆண்கள் ஸ்டோர் வாசலில் நின்று அதைத் தங்கள் கருத்துப் போலச் சொல்லிக்கொண்டார்கள். "படத்துலயே ஊரு கூடி நடத்தி வைக்குது. நம்ம என்ன அவனுகள விடக் கொறைஞ்சவங்களா?" என்று கங்காணி சொன்னதாகக் கேள்வி. சின்னம்மாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவர்கள் பெரட்டில் அவளுக்கு இடம் விட்டு நின்றார்கள். ஸ்டோர்காரர் ரோலரைத் துடைத்துக்கொண்டே விசில் அடிக்கத் தொடங்கினார். மாமியார் மட்டும் வாய் திறக்கவில்லை. அவள் வீட்டிலிருந்து யாரும் படத்துக்குப் போகவுமில்லை.

வியாழக்கிழமை, எட்டாவதோ ஒன்பதாவதோ தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் கதை இடறியது. ஓடத்தில் ஏறும்போது பசு சறுக்கி விழுந்து இடது கொம்பை முறித்துக்கொள்ளும் காட்சி. கல்யாணத்துக்குச் சற்று முன் வருவது. படத்தில் அந்நேரம் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் நாங்கள் யாரும் பசுவைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் கதை சொல்கிறவளுக்குப் பாட்டுத் துணையில்லை. "பசு சறுக்கி இடது கொம்பு முறிஞ்சு போச்சு" என்று என் வாயாலேயே சொன்ன கணத்தில், முதலில் போட்ட கசெட்டில் மஞ்சள் துணி கட்டியிருந்த அந்த மொட்டைக் கொம்பு நினைவுக்கு வந்தது. அதுவும் இடதுதான். ஒரே கொம்பு எப்படி இரண்டு முறை முறியும்?

அத்தோடு எல்லாம் விளங்கியது. பிள்ளை போர்டிங்குக்குப் போகவில்லை, அது இன்னும் பிறக்கவேயில்லை. மீசைக்கு யாரும் மை பூசவில்லை. இரட்டை வேடம் இல்லை. கிளாக்கரையா கசெட்டை மாற்றிப் போட்டுவிட்டார். அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது கல்யாணமே நடக்கவில்லை. அவள் கதை ஆற்றங்கரையில் அழுகையோடு முடிந்துபோனது.

மலையிலிருந்து ஓடினேன். அம்மா அடுப்படியில் கோதுமை ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கச் சொன்னேன். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்பத்துல இருந்தும்மா?"

"புள்ள எங்கன்னு கேட்டேன்ல, அப்பவே. பெத்த புள்ளைய விட்டுட்டுத் தாவணி போட்டுக்கிட்டு ஆடுறதுக்கு எவளுக்கு வரும்?"

"அப்ப எல்லார்ட்டயும் சொல்லணுமே."

அம்மா மாவுக் கையோடு என் தாடையைப் பிடித்தாள். "பசுவுக்குக் கொம்பு மொளைச்சிருச்சு. அவ்வளவுதான். ஞாயித்துக்கெழம வரைக்கும் மொளைச்சே இருக்கட்டும்."

அதன்பின் மூன்று நாள் நான் யாருக்கும் கதை சொல்லவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று சொன்னேன்.

ஞாயிறு காலை கோயில் முற்றத்தில் கூட்டம். பனி விலகாத வேளை. ஆண்கள் கம்பளியைத் தலையோடு கொங்காணியாகப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார்கள். பெண்கள் மதிலோரம் நின்றார்கள். கிளாக்கரையா கதிரையில் அமர்ந்தார். தலைவர் ஒவ்வொரு காம்பராவாகக் கேட்டார். "நடத்தலாங்க", "நடத்தலாங்க" என்றே வந்தது. பணிய லயத்தில் பாதி வரை வந்தாயிற்று. சின்னம்மா தலையைக் குனிந்து நின்றாள். ஆனால் அவள் கழுத்து நிமிர்ந்துகொண்டு வருவதை நான் கண்டேன்.

அந்நேரம் பார்த்து டெக்குக்காரர் வந்து சேர்ந்தார். மேல் டிவிசனில் ஏதோ விசேஷமாம். சாக்கோடு ஏறிப் போகிறவர் தண்ணீர் குடிக்கக் கோயிலடியில் நின்றார். நல்ல மனிதர். எங்கே போனாலும் தம் சரக்கைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பது அவர் வழக்கம்.

"என்னாங்க, போன வாரப் படம் எப்புடி? கடைசியில அந்தப் பொம்பள ஆத்தங்கரையில நின்னு அழுவுற எடம். போன தோட்டத்துல ரெண்டு பேரு மயக்கமே போட்டுட்டாங்க. இங்க எத்தன பேரு?"



"கடைசியில கலியாணம்ல?" என்றார் கங்காணி.

"கலியாணம் எடைவேளைக்கு முந்திங்க. பொறகுதானே புருஷன் ஆத்தோட போறான்."

எல்லாத் தலைகளும் கிளாக்கரையாவின் கதிரையை நோக்கித் திரும்பின. அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார்.

மாமியார் முதன்முறையாக வாய் திறந்தாள். "கேட்டுக்கிட்டீங்களா? அந்தக் கதைக்கும் முடிவு அதுதானாம்."

தலைவர் கண்கள் மதிலோரத்தில் என்னைத் தேடின. "நீதானேம்மா தோட்டம் பூரா சொன்னவ. இங்க வா. எது முந்தி, எது பிந்தி? சாமிக்கு முன்னால சொல்லு."

அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. பொய் சொல்ல எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நான் சொல்லும் கதையில் பிழை இருந்ததென்று பிற்காலத்தில் ஒருவர் சொல்லிவிடக் கூடாது என்ற கர்வம் எனக்கு இருந்தது. நேர்மை என்று இதற்குப் பெயர் வைத்துக்கொள்ள ஆசைதான். அது கர்வம்.

"அவர் சொல்றதுதாங்க சரி. முறிஞ்ச கொம்பு முளைக்காதுங்க" என்றேன். பசுவைப் பற்றியும் சொன்னேன்.

பனியில் ஒரு சேவல் கூவியது. கணக்கெடுத்துக்கொண்டிருந்த தலைவர் விரல்களை மடக்கிக்கொண்டார். ஸ்டோர்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் சின்னம்மாவின் கல்யாணத்தை என் வாயாலேயே கலைத்துவிட்டேன்.

அப்போது சின்னம்மா மதிலை விட்டு விலகி முற்றத்தின் நடுவே வந்தாள். கூட்டத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. குரல் தாழ்ந்துதான் இருந்தது.

"பெரியவங்க மன்னிக்கணும். நான் அந்தப் படத்தப் பாக்கல. ஒரு வாரமா நீங்க எல்லாரும் என்னைய நல்ல கண்ணால பாத்தீங்க. பெரட்டுல எடம் விட்டீங்க. எனக்கு ஒரு நல்லது நடக்கட்டும்னு சொன்னீங்க. நான் கேக்குறது ஒண்ணுதான். அது கசெட்டுல இருந்து வந்துச்சா, உங்க மனசுல இருந்து வந்துச்சா? கசெட்டுல இருந்து வந்திருந்தா எனக்கு வேணாங்க. டெக்குக்கார அண்ணன் இங்கதான் நிக்கிறாரு. அவரு சாக்குலயே போட்டுத் திருப்பிக் குடுத்துருங்க."

டெக்குக்காரர் தம் சாக்கைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

பிறகு ஆயம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நான் சொன்னது படத்தப் பத்தி இல்ல போல. சொன்னத நான் திருப்பி எடுக்க மாட்டேன்" என்றாள். "நானுந்தான்" என்றாள் மலையில் முதலில் சிரித்தவள். "நாங்களும்" என்றது மேட்டு லயத்து மதிலோரம். ஆண்கள் பக்கம் இன்னும் தயங்கிக்கொண்டிருந்தது.

கிளாக்கரையா கதிரையிலிருந்து எழுந்தார். தோட்டத்தில் எவரும் அவர் தம் பிழையை ஒத்துக்கொண்டு கேட்டதில்லை.

"கசெட்ட மாத்திப் போட்டது நான்தான்" என்றார். "புள்ளி கரைஞ்சிருந்துச்சு. கேட்டிருக்கணும், கேக்கல. ஆனா ஒண்ணு. படம் எடுத்தவன் போட்ட வரிசையையும் கேட்டாச்சு, நான் போட்ட வரிசையையும் பாத்தாச்சு. நான் போட்டதுதான் சரி. எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன்."

கங்காணிதான் முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஆண்கள் பக்கம் முழுவதும் பரவி, தலைவர் மீசையில் வந்து நின்றது. "விட்ட எடத்துல இருந்து கேக்குறேன். பணிய லயம், ஏழாவது காம்பரா?" என்றார். "நடத்தலாங்க" என்றது ஏழாவது காம்பரா. கடைசிக் காம்பரா மாமியாருடையது. அவள் நடத்தலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுந்து பணிய லயத்துக்கு இறங்கும் படிகளில் போய்விட்டாள். தலைவர் சற்று நேரம் அவள் போவதைப் பார்த்துவிட்டு, தை மாதத்தில் கோயிலே தட்டு எடுக்கும் என்று சொன்னார்.

எடுத்தது. அந்தத் தையில் எங்கள் தோட்டத்தில் நடந்ததைப் போன்ற ஒரு கல்யாணத்தை நான் பிறகு கண்டதில்லை. இரண்டு லயத்துப் பெண்களும் முதல்நாளே கொழுந்துக் கூடைகளைக் கழுவிக் கவிழ்த்து, அவற்றின் மேல் சாமந்தியைக் கட்டி வழிநெடுக வைத்திருந்தார்கள். ஸ்டோர்காரர் புதுச் சட்டையில் வந்தார். அதிலும் கொழுந்து மணந்தது. சின்னம்மா அரக்குச் சேலையில் வந்தாள். தாலி ஏறியபோது தப்பு முழங்கியது எதிர் மலையில் மோதித் திரும்பி வந்தது. அங்கேயும் ஒரு கல்யாணம் நடப்பதைப் போலிருந்தது.

பிற்பகல் கல்யாண வீட்டாருக்காகக் கிளாக்கரையா வீட்டில் படம். டெக்குக்காரரை வரவழைத்து, அதே படத்தைத்தான் கேட்டு வாங்கியிருந்தார்கள். அன்றைக்கு மட்டும் காம்பராவுக்கு ஒருவர் என்ற முறை இல்லை. உள்ளே கொள்ளாதவர்கள் வாசலிலும் கதவு கழற்றிய சன்னலிலும் நின்றார்கள். கிளாக்கரையா இரண்டு கசெட்டையும் இரு கையில் தூக்கிப் பிடித்தார். இம்முறை புள்ளிகள் தெளிவாக இருந்தன.

"எது முதல்ல?"

"ரெண்டாவது" என்றது அறை.

டெக்குக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு வாசற்படியில் போய் உட்கார்ந்தார்.

முதலில் போட்ட கசெட் பாதியில் கதவடியில் கூட்டம் விலகிற்று. மாமியார் வந்தாள். எவரும் அழைத்து வரவில்லை, தானாக வந்தாள். அம்மா எழுந்து முன்வரிசையில் இடம் கொடுத்தாள். ஓடக்காரன் ஏற்கெனவே முழுகிப்போயிருந்தான். வெள்ளைச் சேலைக்காரி அழுதுகொண்டிருந்தாள். மாமியார் அசையாமல் பார்த்தாள். இடைவேளையில் சின்னம்மாவே சாயத் தண்ணி கொண்டுபோய் அவளிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டாள்.

அடுத்த கசெட். சிவப்புத் தாவணி, பாட்டு, பின்னால் அசைந்து வரும் பசு. அதன் இரண்டு கொம்பும் திரையில் தெரிந்ததும் அறை முழுவதும், சன்னலில் நின்றவர்கள் உட்பட, ஒரே குரலில் "கொம்பு மொளைச்சிருச்சு" என்றது. அம்மாவின் குரல் அதில் முந்தியிருந்தது.

அதன்பின் ஓடக்காரன் துடுப்பு வலித்துக்கொண்டு வந்தான். வெயில் அவன் முகத்தில் விழுந்தது. சிரித்தான். மாமியார் கோப்பையைத் தரையில் வைத்தாள். கல்யாணக் காட்சி வரும் வரை அவள் கண் அவனை விட்டு நகரவில்லை. மாலை மாற்றி, விளக்கு மிதந்து, திரையில் புள்ளி மழை தொடங்கியபோது எல்லாரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை. பக்கத்தில் நின்ற என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை கொழுந்துக் கறை ஏறிக் கரடுமுரடாக இருந்தது.

"புள்ள, நீதானே கதை சொல்றவ. இனிமே யாருக்குச் சொன்னாலும் இந்த வரிசையிலயே சொல்லு" என்றாள். "செத்தவன் கடைசியில சிரிச்சுக்கிட்டு நிக்கட்டும்."

நாற்பது வருடமாக அவ்வாறே சொல்லி வருகிறேன்.